சர்வீஸ் பண்ணி முடிச்ச பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகலையா? ஒண்ணொண்ணா பார்த்து கண்டுபிடிக்கிற முறை

பழைய வண்டி வெச்சிருக்கவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதை அனுபவிச்சிருப்பீங்க. முந்தின நாள் வரைக்கும் ஓடிட்டு இருந்த வண்டி, ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து பிளக் மாத்தி பாயிண்ட் மாத்தி கார்புரேட்டர் கழுவி டேப்பட் செட் பண்ணி ஆயில் மாத்தி எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டு கிக்கரை உதைச்சா ஒரு சின்ன பட்டாசு சத்தம் கூட வராது. எங்க சித்தப்பாவோட 1987 மாடல் 350-க்கு எனக்கு நடந்தது அதுதான். சாயங்காலம் ஆறு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் நானும் அவரும் மாத்தி மாத்தி உதைச்சோம், முட்டி வீங்கினது தான் மிச்சம். மறுநாள் காலைல பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சோம். அது என்னன்னு கீழ சொல்றேன், ஏன்னா அது வர்ற இடத்துல சொன்னா தான் புரியும்.

இங்க நான் சொல்றது எல்லாம் பாயிண்ட் (காயிலுக்கு போற கரண்ட்டை திறந்து மூடி ஸ்பார்க் வர வைக்கிற சுவிட்ச்) வெச்ச காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350-ஐ மனசுல வெச்சு தான், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, வலது பக்கம் கியர் இருக்குற வண்டி. மத்த பழைய வண்டிக்கும் இதே வரிசை பொருந்தும், எங்க மாறும்னு கடைசில ஆர்எக்ஸ் 100-க்கு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. சர்வீஸுக்கு முன்னாடி ஓடின வண்டி சர்வீஸுக்கு அப்புறம் ஓடலைன்னா தப்பு கை வெச்ச இடத்துல தான் இருக்கும். பிஸ்டன் ரிங் போயிடுச்சு, ஆல்டர்னேட்டர் போயிடுச்சுன்னு பக்கத்துல நிக்கிறவங்க சொல்லுவாங்க, நேத்து நல்லா இருந்த ரிங் ராத்திரியோட ராத்திரியா போகாது. அதனால உதைக்கிறதை நிறுத்திட்டு ஒரு பேப்பர் எடுத்து இன்னைக்கு என்னென்ன கழட்டினோம்னு வரிசையா எழுதுங்க, டேங்க் கழட்டினது, பேட்டரி வயரை எடுத்தது, ஏர் ஃபில்டரை துடைச்சது வரைக்கும் எல்லாமே. அந்த லிஸ்டுக்கு வெளிய இருக்குற எதையும் இப்போ தொடாதீங்க. புதுசா ஒண்ணைக் கழட்டினா ஒரு தப்பு ரெண்டு தப்பாயிடும், அப்புறம் எது எதனாலன்னு பிரிக்கவே முடியாது. பழைய பிளக், பழைய பாயிண்ட், பழைய கண்டென்சர் (பாயிண்ட்ல தீப்பொறி பறக்காம தடுக்குற சின்ன பார்ட்) எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, அது தான் உங்ககிட்ட இருக்குற நிச்சயமா வேலை செஞ்ச பார்ட்ஸ்.

வேலை செய்ற இடம் காத்தோட்டமா இருக்கணும், பெட்ரோல் திறந்து வெச்ச கிண்ணம் பக்கத்துல இருக்கக் கூடாது, யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. நாம ஸ்பார்க் அடிச்சுப் பார்க்கப் போறோம், இதுல அலட்சியம் வேண்டாம். கால்ல நல்ல ஷூ போட்டுக்கங்க, புல்லட் கிக்கர் திருப்பி அடிச்சா கணுக்கால் போயிடும்.

ஸ்டெப் 1: கழட்டாம பார்க்கக் கூடியது எல்லாம்

பெட்ரோல் காக் திறந்திருக்கா? டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருந்தா ரிசர்வ்ல போடுங்க, டேங்க்கை கழட்டி கவுத்திருந்தா கொஞ்சம் பெட்ரோல் போயிருக்கும், மெயின்ல வெச்சா கார்புரேட்டருக்கு இறங்காது. சாவி ஆன்ல இருக்கா, ஃபியூஸ் மாட்டினோமா, பேட்டரி டெர்மினல் ரெண்டும் இறுக்கமா இருக்கா. கையால ஆட்டிப் பாருங்க, ஆடினா லூஸ். பேட்டரியை வெளிய எடுத்து திரும்ப வெச்சிருந்தா முனை மாறலைன்னு உறுதி பண்ணுங்க. இன்னைக்கு வண்டிகள்ல நெகட்டிவ் தான் எர்த், ஆனா பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் சாதாரணமா இருந்தது, அதனால ரொம்ப பழைய வண்டின்னா ஊகத்துல மாட்டாதீங்க. தப்பா மாட்டினா ரெக்டிஃபையர் போயிடும்.

மல்டிமீட்டர் இருந்தா பேட்டரில வெச்சுப் பாருங்க. 12 வோல்ட் பேட்டரி நல்ல சார்ஜ்ல இருந்தா 12.6 கிட்ட காட்டும், 12-க்கு கீழ போயிட்டா கிட்டத்தட்ட காலி. பாயிண்ட் வண்டில ஸ்பார்க்கோட தெம்பு பேட்டரில இருந்து வருது, கிக்கர் இருக்கேன்னு பேட்டரியை மறந்துடக் கூடாது. சாவியை ஆன் பண்ணி வெச்சுட்டே ரொம்ப நேரம் வேலை பார்த்திருந்தா பாயிண்ட் மூடியிருந்த நேரம் பூரா காயில் வழியா கரண்ட் போயிட்டே இருந்திருக்கும், பேட்டரியும் இறங்கும் காயிலும் சூடாகும்.

டேங்க் மூடில ஒரு சின்ன காத்து ஓட்டை இருக்கும். மூடியை கழுவி துடைக்கும்போது கிரீஸோ பாலிஷோ அதை அடைச்சா பெட்ரோல் இறங்காது. மூடியை லேசா திறந்து வெச்சு உதைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

ஸ்டெப் 2: ஆம்ப் மீட்டர் சொல்றதைக் கேளுங்க

இதுக்கு தான் நான் நிறைய எழுத ஆசைப்படுறேன், ஏன்னா புல்லட்ல ஹெட்லைட்டுக்கு மேல இருக்குற அந்த சின்ன ஆம்ப் மீட்டர் மாதிரி ஒரு டெஸ்டர் எந்த டூல் பாக்ஸ்லயும் கிடையாது, ஆனா பாதி பேர் அதை அலங்காரம்னு நினைச்சுட்டு இருக்காங்க.

லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. டீகம்ப்ரஸரை (சிலிண்டர்ல அமுங்குற காத்தை வெளிய விடுற லீவர்) பிடிச்சுட்டு கிக்கரை மெதுவா, ரொம்ப மெதுவா, கால் பாரத்துலயே அமுக்கி விட்டுட்டே முள்ளைப் பாருங்க. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு கரண்ட் போகும், முள்ளு மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் நின்னு முள்ளு நடுவுக்கு வரும். இன்ஜின் சுத்த சுத்த இது சாஞ்சு நிமிர்ந்து சாஞ்சு நிமிர்ந்து ஆடணும். அப்படி ஆடினா பேட்டரில இருந்து காயில் வழியா பாயிண்ட் வரைக்கும் லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

முள்ளு நடுவுலயே நிக்குது, அசையவே இல்லைன்னா கரண்ட் எங்கயோ அறுந்திருக்கு. ஹார்ன் அடிச்சுப் பாருங்க. ஹார்னும் வரலைன்னா பேட்டரி, ஃபியூஸ், சாவி, எர்த் இதுல ஒண்ணு. ஹார்ன் நல்லா வருதுன்னா காயில் வயர் கழண்டிருக்கும், இல்ல பாயிண்ட் மூடுற மாதிரி தெரிஞ்சாலும் மின்சாரம் கடக்காம இருக்கும். புது பாயிண்ட் போட்டிருந்தா இதைத் தான் முதல்ல சந்தேகப்படணும். துரு பிடிக்காம இருக்க அதுமேல ஒரு எண்ணெய்ப் படலம் தடவி தான் டப்பால வருது, அதை துடைக்காம மாட்டினா ஸ்பார்க் வராது. வெள்ளை அட்டைத் துண்டை பெட்ரோல்ல லேசா நனைச்சு ரெண்டு பாயிண்டுக்கும் நடுவுல வெச்சு இழுங்க, அட்டைல கறுப்பு வராத வரைக்கும் புதுசு புதுசா வெச்சு இழுங்க, பெட்ரோல் காயட்டும். எமரி பேப்பர் போட்டு தேய்ச்சிருந்தாலும் இதே மாதிரி துடைக்கணும், அந்த மணல் தூள் நடுவுல மாட்டிக்கும். ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) இருக்குற எண்ணெய் பட்டா கூட இதே கதை தான், கேப் (இடைவெளி) செட் பண்ணி முடிச்சுட்டு கடைசியா ஒரு தடவை அட்டை இழுக்கணும்.

இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர். முள்ளு மைனஸ்லயே ஒட்டிட்டு நிக்குது, எவ்வளவு சுத்தினாலும் நடுவுக்கு வரலை. ஒண்ணு பாயிண்ட் திறக்கவே இல்லை, கேப் செட் பண்ணிட்டு ஸ்க்ரூவை இறுக்கும்போது பிளேட் நகர்ந்து கேப் பூஜ்யமாயிருக்கும், இது ரொம்ப சகஜம். இல்லைன்னா பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் வேற வழில எர்த்துக்கு போயிட்டு இருக்கு. எங்களுக்கு நடந்தது இந்த ரெண்டாவது தான். பாயிண்டோட ஸ்பிரிங்கும் காயில்ல இருந்து வர்ற வயரும் கண்டென்சர் வயரும் ஒரே ஆணில சேரும், அந்த ஆணிக்கும் பிளேட்டுக்கும் நடுவுல ஃபைபர் வாஷர் வரும், அது தான் கரண்ட்டையும் எர்த்தையும் பிரிச்சு வைக்குது. நான் திரும்ப மாட்டும்போது வாஷரை வெளிப்பக்கம் போட்டு வயர் லக்கை பிளேட்டுல உரசுற மாதிரி வெச்சு இறுக்கியிருக்கேன். முந்தின நாள் அந்த ரெண்டு மணி நேரமும் முள்ளு மைனஸ்ல ஒட்டிட்டு தான் இருந்தது, ரெண்டு பேரும் பார்த்துட்டே உதைச்சிருக்கோம். காலைல சித்தப்பா தான் "முள்ளு ஆடலையே டா" ன்னாரு. வாஷரை உள்ள போட்டதும் மூணாவது உதைல வண்டி ஸ்டார்ட். அதனால இந்த ஆணியைக் கழட்டும் முன்னாடி செல்ஃபோன்ல ரெண்டு மூணு கோணத்துல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க, எந்த வாஷர் எதுக்கு மேல எதுக்கு கீழன்னு தெரியுற மாதிரி கிட்டத்துல எடுங்க.

பாயிண்ட் கேப் முழுசா திறந்த நிலைல 0.35-ல இருந்து 0.40 மி.மீ. ஸ்க்ரூ இறுக்கினதுக்கு அப்புறம் திரும்பவும் கேஜ் விட்டு அளக்கணும், அதுக்கு முன்னாடி அளந்தது கணக்கில்லை.

ஸ்டெப் 3: ஸ்பார்க்

முள்ளு சரியா ஆடுதா, இப்போ பிளக்கை கழட்டுங்க. பிளக்கை அதோட கேப்ல (வயர் முனைல இருக்குற மூடி) மாட்டி, பிளக்கோட உடம்பு இன்ஜின் இரும்புல நல்லா படுற மாதிரி வெச்சு உதைங்க. பிளக் ஓட்டைக்கு பக்கத்துல வைக்காதீங்க, உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வெளிய அடிக்கும், தீ பிடிக்கும். பிளக்கை எர்த்ல படாம அந்தரத்துல தொங்க விட்டும் உதைக்காதீங்க, காயிலுக்கு கெடுதல்.

டப் டப்புன்னு நீலமா வந்தா சந்தோஷம். மங்கலா ஆரஞ்சு கலர்ல மெலிசா வந்தா கண்டென்சரை சந்தேகப்படுங்க, பாயிண்ட் மூடியைத் திறந்து வெச்சு யாரையாவது உதைக்கச் சொல்லிப் பார்த்தா பாயிண்ட் நடுவுல பெரிய தீப்பொறி தெரியும், கண்டென்சர் வேலை செய்யலைன்னா அப்படித் தான் இருக்கும். பழைய கண்டென்சரை போட்டுப் பாருங்க. புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லை, மார்க்கெட்ல வர்ற பாயிண்ட் கண்டென்சர் தரம் அவ்வளவு மோசமா இருக்கு, கடைல வாங்கின அன்னைக்கே செத்துப் போன கண்டென்சரை நான் பார்த்திருக்கேன். ஸ்பார்க்கே இல்லைன்னா பழைய பிளக், அப்புறம் பிளக் கேப். கேப்பை முறுக்கி எடுத்து வயரை கால் இஞ்ச் வெட்டி திரும்ப முறுக்கி ஏத்துங்க, உள்ள இருக்குற செம்பு கம்பி கருகிப் போயிருந்தா சரியாயிடும். பிளக் முனைல இடைவெளி 0.5 மி.மீ. போதும்.

பெயிண்ட் அடிச்ச வண்டின்னா தனியா ஒரு விஷயம். ஃப்ரேமை பவுடர் கோட்டிங் குடுத்து எல்லாத்தையும் திரும்ப மாட்டினவங்க பலபேர் ஸ்டார்ட் ஆகலைன்னு வருவாங்க. பெயிண்ட் கரண்ட் கடத்தாது. பேட்டரி எர்த் வயர் ஃப்ரேம்ல சேர்ற இடத்துலயும் இன்ஜின் போல்ட் உக்கார்ற இடத்துலயும் பெயிண்டை சுரண்டி வெறும் இரும்பு தெரியுற மாதிரி பண்ணி மாட்டணும். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து நேரா இன்ஜின் போல்டுக்கு ஒரு தடிமனான வயர் இழுத்து விட்டுடுங்க, அது தான் என் அபிப்ராயம், பல வருஷ தொல்லை தீரும்.

ஸ்டெப் 4: பிளக் ஈரமா இருக்கா, காஞ்சு இருக்கா

பத்து தடவை உதைச்சுட்டு பிளக்கை எடுத்துப் பாருங்க. காஞ்சு இருந்தா பெட்ரோல் வரலை. நனைஞ்சு பெட்ரோல் வாசனை அடிச்சா பெட்ரோல் அதிகம். வழவழன்னு எண்ணெயா இருந்தா இன்ஜின் ஆயில் மேல வருது, ஆயில் மாத்தும்போது அளவு மீறி ஊத்தினாலும் வண்டி மாசக்கணக்குல நின்னு ஆயில் கிராங்க் பக்கம் இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும், பிளக்கை துடைச்சு, ஆயில் அளவை சரி பண்ணி உதைங்க.

காஞ்ச பிளக்னா கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடில இருக்குற ட்ரெயின் ஸ்க்ரூவை லூஸ் பண்ணுங்க. பெட்ரோல் தாராளமா வந்துட்டே இருந்தா கிண்ணம் வரைக்கும் பிரச்சினை இல்லை. வரலைன்னா ட்யூப் மடங்கியிருக்கா, புது ஃபில்டர் திருப்பி மாட்டியிருக்கா, காக்ல குப்பையா, ஃப்ளோட் ஒட்டிருச்சான்னு பாருங்க. கிண்ணத்துல பெட்ரோல் இருந்தும் பிளக் காஞ்சா ஸ்லோ ஜெட். கார்புரேட்டர் கழுவினப்போ பெரிய ஓட்டைல இருந்த அழுக்கு கிளம்பி சின்ன ஓட்டைல போய் உக்காரும், ஸ்டார்ட்டுக்கும் ஐடிலுக்கும் பெட்ரோல் அந்த சின்ன ஓட்டை வழியா தான் வருது. க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு காத்து ஊதுங்க, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓட்டை தெரியணும். பின்னூசி, கம்பி எதையும் விட்டு குத்தாதீங்க, பித்தளை இளசு, ஓட்டை பெருசாச்சுன்னா ஜெட்டை மாத்துறது தான் வழி. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் இருக்கு, அது தண்ணியை இழுக்கும், பழைய ரப்பர் ட்யூபையும் ஓ-ரிங்கையும் கெடுக்கும், அந்த ரப்பர் துணுக்கே ஜெட்ல போய் அடைக்கும்.

நனைஞ்ச பிளக்னா காக்கை மூடுங்க, சோக் எடுத்திருந்தா உள்ள தள்ளுங்க, சாவியை ஆஃப் பண்ணிட்டு டீகம்ப்ரஸரைப் பிடிச்சு ஆக்சிலேட்டரை முழுசா திருகி ஏழெட்டு தடவை உதைச்சு உள்ள இருக்குற பெட்ரோலை வெளிய தள்ளுங்க. காஞ்ச பிளக் போட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. காக் திறந்ததுமே கார்புரேட்டர்ல இருந்து பெட்ரோல் ஒழுகினா ஃப்ளோட் நீடில் சரியா உக்காரலை. ராத்திரி பூரா அப்படி ஒழுகியிருந்தா ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்க, பெட்ரோல் வாசனை அடிச்சா அந்த ஆயில்ல இன்ஜினை ஓட்டாதீங்க, புதுசா ஊத்தின ஆயிலா இருந்தாலும் மாத்தித் தான் ஆகணும்.

கார்புரேட்டர்ல இருக்குற ஸ்லைடைப் பாருங்க, அதோட வெட்டு விழுந்த பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்கணும். திருப்பி அமுக்கி நுழைச்சிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனா கூட ஐடில் நிக்காது. ஏர் ஸ்க்ரூவை மெதுவா முழுசா மூடிட்டு ஒன்றரை சுத்து வெளிய எடுத்து வெச்சுட்டா ஸ்டார்ட் ஆகுற அளவுக்கு போதும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், கார்புரேட்டரைக் கழட்டினப்போ தூசி போகக் கூடாதுன்னு இன்ஜின் வாய்ல துணி சொருகினீங்களா, அதை எடுத்தீங்களா?

ஸ்டெப் 5: டேப்பட், டீகம்ப்ரஸர், கம்ப்ரஷன்

ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் வருது, ஆனாலும் ஒண்ணும் இல்லை. சாவியை ஆஃப் பண்ணிட்டு, டீகம்ப்ரஸரைத் தொடாம கிக்கர் மேல ஏறி நில்லுங்க. நல்ல புல்லட் ஆளோட பாரத்தை ஒரு சில நொடியாவது தாங்கி நிக்கும். சரசரன்னு கீழ போச்சுன்னா காத்து எங்கயோ வெளிய போகுது, டேப்பட் செட் பண்ணின அன்னைக்கு இப்படின்னா டேப்பட் டைட்டா வெச்சிருக்கோம், வால்வு முழுசா மூடலை.

இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி, பிளக்கை கழட்டி, நாலாவது கியர்ல போட்டு பின்சக்கரத்தை முன்பக்கமா கையால சுத்துங்க. பிளக் ஓட்டைல விரலை வெச்சா காத்து விரலைத் தள்ளும், அது தான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அதுலயே ஒரு ப்ளாஸ்டிக் ஸ்ட்ராவை உள்ள விட்டு பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துல நிறுத்துங்க. இப்போ வலது பக்கம் டேப்பட் மூடியைத் திறந்து ரெண்டு புஷ்ராடையும் (வால்வைத் திறக்கத் தள்ளுற கம்பி) விரலால சுத்திப் பாருங்க. லேசா சுத்தணும், மேலயும் கீழயும் ஆட்டம் இருக்கக் கூடாது. இது தான் அளவு, இந்த வண்டி டேப்பட்டுக்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை. லாக் நட் இறுக்கும்போது அளவு மாறும், இறுக்கிட்டு மறுபடி சுத்திப் பாருங்க. டீகம்ப்ரஸர் கேபிளும் கொஞ்சம் தளர்வா இருக்கணும், ஹேண்டில்பாரை திருப்பும்போது கேபிள் இழுபட்டா அந்த வால்வு லேசா திறந்தே இருக்கும்.

ஸ்டெப் 6: டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்)

பாயிண்ட் பிளேட்டை கழட்டினவங்களும் அட்வான்ஸ் யூனிட்டை எடுத்தவங்களும் மட்டும் இதுக்கு வாங்க, மத்தவங்க தொட வேண்டாம். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும். திறக்கிற அந்த நொடியை கண்ணால பார்க்க முடியாது, சாவியை ஆன் பண்ணி சக்கரத்தை மெதுவா நகர்த்தினா ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற இடம் அது தான். இல்லைன்னா மெல்லிசு பேப்பரை பாயிண்ட் நடுவுல வெச்சு லேசா இழுத்துட்டே இருந்தா விடுபடுற இடம்.

இதுல எல்லாரும் விழுற குழி, பிஸ்டன் உச்சிக்கு ரெண்டு தடவை வரும், கம்ப்ரஷன்ல ஒண்ணு எக்ஸாஸ்ட்ல ஒண்ணு. எக்ஸாஸ்ட்ல வெச்சு செட் பண்ணிட்டா ஸ்பார்க் நீலமா வரும், பெட்ரோல் வரும், கம்ப்ரஷன் இருக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது, சைலென்சர்லயோ கார்புரேட்டர்லயோ படார்னு வெடிக்கும். ரெண்டு புஷ்ராடும் கையால சுத்துதுன்னா தான் அது கம்ப்ரஷன். கிக்கர் காலை திருப்பி அடிக்குதுன்னா டைமிங் ரொம்ப முன்னாடி இருக்கு, உதைக்கிறதை உடனே நிறுத்திட்டு சரி பண்ணுங்க.

உதைக்கிற முறை

எல்லாம் சரியா இருந்தும் அவசரமா உதைச்சா புல்லட் வராது. சாவி ஆன், கிக்கரை கெட்டியா நிக்கிற வரைக்கும் அமுக்குங்க, முள்ளு நடுவுல இருக்கும். டீகம்ப்ரஸரை இழுத்து கிக்கரை ரெண்டு இஞ்ச் மட்டும் நகர்த்துங்க, லீவரை விடுங்க, கிக்கரை முழுசா மேல வர விட்டு ஆக்சிலேட்டர் தொடாம ஒரே நீளமான உதை. குத்துற மாதிரி இல்லை, கடைசி வரைக்கும் பாரத்தை இறக்குற மாதிரி.

ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கவங்களுக்கு பாயிண்ட் கிடையாது, சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்), பேட்டரி செத்திருந்தாலும் ஸ்பார்க் வரும், அதனால ஸ்டெப் 2-ஐ விட்டுடுங்க. டேப்பட்டும் கிடையாது. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல் கிராங்க் கேஸ்ல தேங்கிடும், பிளக் திரும்ப திரும்ப நனைஞ்சா காக்கை மூடிட்டு பிளக் கழட்டி ரொம்ப நேரம் உதைச்சு வெளியேத்தணும். ஆயில் பம்ப் லைனைக் கழட்டியிருந்தா காத்தை வெளிய எடுக்காம ஓட்டாதீங்க, ஸ்டார்ட் ஆகி ஓடி பிஸ்டன் பிடிச்சுக்கும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் உடனே முறுக்காம அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டு எங்கயாவது ஒழுகுதா, ஆம்ப் மீட்டர் ஆக்சிலேட்டர் குடுக்கும்போது ப்ளஸ் பக்கம் போகுதான்னு பாருங்க. அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு இன்ஜின் ஆறின மறுநாள் காலைல பாயிண்ட் கேப்பையும் புஷ்ராடையும் இன்னொரு தடவை பாருங்க, புது பாயிண்டோட ஃபைபர் குதிகால் கேம்ல தேய்ஞ்சு பழகுற அந்த முதல் ஓட்டத்துல கேப் கொஞ்சம் குறையும்.